பெரிய பேட்டரியை எழுப்பும் சின்ன பேட்டரி

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் மேகம். ஒன்பது மணிக்குத் தூறல், ஒன்பதேகாலுக்கு நின்றது. மருதமலை தெரியவில்லை.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக இல்லாததையும். போன வருட டைரியைப் புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி இடத்தில் நான் மிக நல்ல பெண்ணாக இருக்கிறேன். படிக்க அலுப்பாக இருக்கிறது, நம்பும்படியாகவும் இல்லை.

காலாண்டு விடுமுறை. பத்தாம் வகுப்பு என்பதால் விடுமுறைக்கும் வீட்டுப்பாடம். நாளை மறுநாள் ஆயுத பூஜை. இன்று முடித்தவை:
ஃபேன் மூன்று துடைத்தது.
மிக்ஸி, தையல் மெஷின், என் சைக்கிள்.
அப்பாவின் டூல்ஸ் பெட்டி. அப்பா தோஹாவில், ஸ்பேனர்கள் வடவள்ளியில். வருடத்துக்கு ஒரு முறை, பூஜைக்காக மட்டும், அவற்றுக்கு எண்ணெய் தடவுகிறோம்.
அல்ஜீப்ரா: தொடவில்லை.

மிச்சம் இருப்பது அம்மாவின் கார். மூன்று மாதம் முன்பு வாங்கிய பழைய ஹைபிரிட், வெள்ளை. பாதி நேரம் பெட்ரோலில் ஓடும், பாதி நேரம் கரண்டில். எப்போது எதில் என்று அதுவே முடிவு செய்கிறது. எப்படி முடிவு செய்கிறது? அம்மாவைக் கேட்டேன். "நான் எப்ப காபி குடிக்கறேன், எப்ப டீ குடிக்கறேன்னு உனக்குத் தெரியுமா? அது மாதிரிதான்" என்றார். இது பதில் இல்லை.

அம்மா பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் வீட்டுக்கே போய் கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பார். முன்பு ஸ்கூட்டரில்தான். இரண்டு மழைக்காலம் முன்பு தடாகம் ரோட்டில் வழுக்கி விழுந்தார். கரண்ட் சிகிச்சை மெஷினை (சின்ன சூட்கேஸ் அளவு) விழும்போது நெஞ்சோடு அணைத்துக்கொண்டதால் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் இடது மணிக்கட்டுக்கு ஆனது. அதற்குப் பிறகுதான் டிரைவிங் கற்றுக்கொண்டார், நாற்பத்து மூன்று வயதில்.

பெரிய மாமாவுக்கு இந்தக் கார் பிடிக்காது. அம்மாவின் அண்ணன், அன்னூரில் இருக்கிறார். அப்பா ஊரில் இல்லாததால் எங்கள் வீட்டு முடிவுகளை எல்லாம் அவர் எடுத்துத் தருகிறார். இதை மட்டும் அம்மா கேட்காமல் வாங்கிவிட்டார். "பெட்ரோல்னா பெட்ரோல், கரண்டுன்னா கரண்டு. ரெண்டுங்கெட்டான் வண்டி நமக்கு எதுக்கு அம்மணி?" இதுவரை நான் எண்ணியதில் ஒன்பது தடவை சொல்லியிருக்கிறார்.


செப்டம்பர் 30, செவ்வாய்

வெயில். காற்று பலமாக. காய வைத்த துணி இரண்டு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கொய்யா மரத்தில்.

கார் கழுவினோம். டயருக்கு நான். டேஷ்போர்டு டிராயரைச் சுத்தம் செய்தபோது ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது: வண்டிக் கையேடு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் ஒரு நாளும் திறந்ததில்லை! அறுநூறு பக்கத்துக்கு மேல். யாரும் படிக்காத புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

"எதெல்லாம் படிக்கோணும்னு ஆசையோ அதெல்லாம் சாமிகிட்ட வை கண்ணு" என்றார் அம்மா.

வைத்தேன். பாடப் புத்தகங்கள் ஐந்து, அகராதி, கையேடு. எல்லாவற்றுக்கும் பொட்டு.

சந்தேகம்: டைரி புத்தகத்தில் சேருமா? நாளை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. அம்மா மாவு கைகளோடு யோசித்தார். "எழுதறதுதான? வெச்சிரு." எனவே இதை முடித்ததும் இதுவும் போகிறது. அப்பாவின் டூல்ஸ் பெட்டி ஏற்கெனவே போயாகிவிட்டது. இனி வியாழன் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் எடுக்கக்கூடாது.

வடவள்ளிக் கடையில் பொரி வாங்கப் போனபோது காதில் விழுந்தது: "ஏனுங், இது போன வருசப் பொரிங்களா?" "அது மிச்சம் இருந்தா நாங்க திங்காம உங்களுக்கா வெச்சிருப்போம்?"


அக்டோபர் 1, புதன்

எழுதக் கூடாத நாள். எழுதவில்லை.


அக்டோபர் 2, வியாழன், காலை

குளிர்ந்த காற்று. மறுபூஜை முடிந்தது 6.50க்கு. நோட்டு திரும்பக் கிடைத்தது, அட்டையில் குங்குமத்தோடு. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நிறைய இருக்கிறது.

நேற்று காலை 8.45. பூஜைக்குப் பாட்டு வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் கரகரத்தது. அம்மா சமையலறையிலிருந்து, "கார்ல போட்டு உடு கண்ணு. வாசல்லதான நிக்குது, நல்லாக் கேக்கும்" என்றார். நான் போய் பவர் பட்டனை அமுக்கினேன். பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்தால் வண்டி நகர்ந்துவிடுமோ என்று பயம். டேஷ்போர்டு எரிந்தது, பாட்டு வந்தது. நான்கு கதவுகளையும் திறந்து வைத்தேன். தெருவே கேட்டது. பெருமையாக இருந்தது.

பெரிய மாமா பதினொன்றரைக்கு வந்தார். வாழைக்கன்று, மாலை எல்லாம் அவர்தான் கட்டினார். நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். 12.40க்குக் கற்பூரம். அடுத்தது அம்மா வண்டியை முன்னால் நகர்த்திப் பழங்களை நசுக்க வேண்டும். கற்பூரத் தட்டைச் சுற்றும்போதே பாட்டு பாதியில் நின்றது.

அம்மா ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக வந்தன. எங்கோ உள்ளே டக் டக் டக் என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. கதவு ரிமோட்டில் பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. உள்பூட்டைக் கையால் அமுக்கித்தான் சாத்தினோம். பின் டிக்கி திறக்கவில்லை. அம்மாவின் மெஷின் டிக்கிக்குள்.

நான்கு பழங்களும் முழுசாக இருந்தன.

மாமா தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். 

"இன்னைக்கு ஸ்பேனரைத் தொட மாட்டனுங்க. சாமிகிட்ட வெச்சாச்சு. ஹைபிரிட்டுங்களா? அப்ப பெரிய பேட்டரிதானுங்க. அது போச்சுன்னா போச்சு. பாதி வண்டி வெலை ஆகிப்போகும்."

மாமா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். "பூஜைல நின்ன வண்டி அம்மணி. இனி ஊட்ல வெச்சிருக்கறது நல்லால்ல. பல்லடத்துல ஒருத்தர் ஓடாத வண்டி எல்லாம் எடுத்துக்கறார். வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்குக் கூட்டியாறேன்."

அம்மா, "சரிங்கண்ணா" என்றார். அவ்வளவுதான். சுண்டல் எடுத்துவரப் போய்விட்டார்.

ஸ்டெல்லா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "டீச்சரம்மா," (அம்மாவை ஏனோ அப்படித்தான் கூப்பிடுவார்) "எங்கூட்டு ஸ்பேனருக்கு இன்னைக்கு லீவு இல்லீங்க. வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். தெருவில் பூஜையில் இல்லாத ஒரே ஸ்பேனர் அவர் வீட்டுடையதாகத்தான் இருக்கும். அம்மா, "வண்டியே பூஜைல நிக்குதுங்க அக்கா. ஸ்பேனர் மட்டும் தனியா வந்து என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அப்பாவோடு போனில் அம்மா பேசியது: "...இல்லீங்க, அண்ணன் சொல்றதும் சரிதான். நான் ஸ்கூட்டர்லயே போயிக்கறேன். ...கை இப்ப பரவால்லீங்க." பரவாயில்லை என்று சொல்லும்போது இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போனில் அது தெரியாது.

அதற்குப் பிறகு நான் பூஜை அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கையேடு கீழிருந்து மூன்றாவதாக இருந்தது. அதில் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுக்கக்கூடாது என்றும் தெரியும். ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டேன். திறக்கவில்லை. இரண்டுமே உண்மை.

பாட்டு கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் பாடியது. இது ஏனோ மனதில் வந்துகொண்டே இருந்தது.


அதே நாள், மதியம்

மறுபூஜை முடிந்ததும் ஏதாவது ஒரு புத்தகத்தில் நாலு வரி படிக்க வேண்டும். அம்மா சமூக அறிவியலை நீட்டினார். நான் கையேட்டை எடுத்தேன். முதலில் பின்பக்க அட்டவணை, பிறகு அகராதியோடு அரை மணி நேரம்.

கண்டுபிடித்தது (என் சொற்களில்):

1. இந்த வண்டியில் இரண்டு பேட்டரி. பின் சீட்டுக்கு அடியில் பெரியது. அதுதான் சக்கரத்தைச் சுற்றும். டிக்கியில் வலது பக்கம் சின்னது, பன்னிரண்டு வோல்ட். இனிமேல் பெ.பே., சி.பே.

2. பெ.பே. எப்போதும் உள்ளே துண்டித்தே இருக்கும், பாதுகாப்புக்காக. அதை இணைக்கும் சுவிட்சுக்குக் கரண்ட் கொடுப்பது சி.பே. அதாவது சின்னது எழுப்பினால்தான் பெரியது எழும். பீரோ நிறைய நகை இருந்தும் சாவி தொலைந்த வீடு மாதிரி. எவ்வளவு விசித்திரம்! யார் யோசித்திருப்பார்கள்?

3. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அமுக்கினால் வண்டி விழிக்காது. பாட்டு, விளக்கு மட்டும். அப்போது சி.பே.யிலிருந்து கரண்ட் போகும், திரும்ப ஏறாது. நீண்ட நேரம் இப்படி விடாதீர்கள்.

மூன்றாவதை மூன்று தடவை படித்தேன். காது சூடாகிவிட்டது.

அம்மா பூஜைப் பூக்களை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "பெரிய பேட்டரி போகலீங்கம்மா. சின்னதுதான் தீர்ந்துபோச்சு. நான்தான் தீர்த்தேன். பிரேக்கை மிதிக்காம அமுக்கினேன்."

அம்மா செவ்வந்தியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார். கூடை நிரம்பியது.

"பாட்டுப் போடச் சொன்னது நானு. பட்டனை அமுக்கினது நீயி. நிறுத்தாமப் பாடினது அந்தப் பாட்டுக்காரரு. மூணு பேருக்கும் பங்கு." பிறகு, "எந்தப் பக்கம்? காட்டு" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

"இதை நாமளே மாத்தலாம்னு போட்டிருக்குதா?"

"எப்படிக் கழட்டறதுன்னு படம் போட்டிருக்குதுங்கம்மா. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும். ஆரஞ்சு நிற வயரை மட்டும் தொடவே கூடாது. அது பெரிய பேட்டரியோடது."

"ஆரஞ்சு ஆகாது. சரி. பெட்டிய எடுத்துட்டு வா."

ரிமோட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது! மூன்று மாதமாகக் கையில் வைத்திருந்தும் எங்களுக்குத் தெரியாது. அதில் டிரைவர் கதவு திறந்தது. டிக்கிக்குச் சாவித் துவாரமே இல்லை. கரண்டில் மட்டும் திறக்கும். கரண்ட் தருவது டிக்கிக்குள் இருக்கும் பேட்டரி. இதைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்து சிரித்துவிட்டார். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

பின் சீட்டை மடக்கி நான் உள்ளே ஊர்ந்து போனேன். டார்ச் வாயில். உள்ளே மெஷின், ரப்பர் பட்டைகள், யாரோ நோயாளி கொடுத்த தேங்காய் ஒன்று. டிக்கிக் கதவின் உட்புறம் தீப்பெட்டி அளவு மூடி. நெம்பினேன். உள்ளே ஒரு நெம்புகோல், கையேட்டில் இருந்தபடியே. தள்ளினேன். வெளிச்சம்! வெளியே அம்மாவின் முகம், தலைகீழாக.

கழற்றிய விதம். உலோகம் எதுவும் உடம்பில் கூடாது. அம்மா வளையல், வாட்ச் கழற்றி என் பாவாடை மடியில் போட்டார். தாலிக்கொடியை மட்டும் கழற்றவில்லை. சுடிதாருக்குள் விட்டு ஊக்கால் குத்திக்கொண்டார்.

முதலில் மைனஸ். ஏன் மைனஸ் முதலில்? படம் போட்டுப் பார்த்தேன். வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தகரத்தில் பட்டால் தீப்பொறி. மைனஸை எடுத்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. புரிந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

நட்டு அசையவில்லை. நான் தொங்கிப் பார்த்தேன்.

"உடு உடு. வலிக்கற முட்டிய அப்படியா பிடிச்சு இழுப்பாங்க?" அம்மா ஸ்பேனரை வாங்கி, சும்மா வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுத்தார். "இறுகிப் போனது எல்லாமே இப்படித்தான். பேசிக்கிட்டே திருப்போணும்." திரும்பிவிட்டது.

பேட்டரியின் பக்கத்தில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய், வண்டிக்கு வெளியே போகிறது. சி.பே. ஆட்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இருப்பதால் அதிலிருந்து வரும் வாயு இந்தக் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். மூச்சுக் குழாய் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

டிக்கி தானாக மூடிக்கொள்ளாமல் துண்டை மடித்து வைத்தோம்.

ஆட்டோவில் பேட்டரி என் மடியில், செய்தித்தாளில் சுற்றி. டிரைவர்: "ஏனுங் அம்மணி, கொழந்தையாட்டப் புடிச்சிருக்கறீங்க, தடுப்பூசி போடவா?"

மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை. பாதி ஷட்டர் திறந்து மறுபூஜைப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். பாட்டுக் கதையைக் கேட்டுவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். "வயசாகிப்போச்சுங்க. சார்ஜ் ஏத்தினாலும் நிக்காது. பாட்டுப் போடலைன்னாலும் இந்த மழைக்கே நின்னிருக்கும்." என் பங்கு கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. ஆனால் முழுசாகக் குறையவில்லை.

"ஹைபிரிட்டுக்கு நாங்க மாட்டித் தர்றதில்லீங்களே."

"நீங்க மாட்ட வேண்டாங்க. குடுத்தாப் போதும்" என்றார் அம்மா.

"அப்ப யாரு மாட்டுவாங்க?"

அம்மா என் தோளைத் தட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையேட்டைத் தூக்கிக் காட்டினேன். 

மூச்சுக் குழாய் வைத்த மாடல் அவரிடம் இல்லை. மேட்டுப்பாளையம் கிளையில் ஒன்றே ஒன்று. "காலைல மொத பஸ்ல கண்டக்டர் கைல குடுத்து உடச் சொல்றனுங்க. ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல நின்னு வாங்கிக்கங்க."

நாளை பத்து மணிக்குப் பல்லடத்துக்காரர். அம்மாவிடம் கேட்டேன்: "மாமாவுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடலாமுங்களா?"

"மொதல்ல வண்டி எந்திரிக்கட்டும்."

எழுந்தாலும் மாமாவிடம் சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.


அக்டோபர் 3, வெள்ளி

விடியும்போதே சாரல். 6.40க்குப் பஸ் ஸ்டாண்டு. ஏழு மணிப் பஸ் 7.35க்கு வந்தது. கண்டக்டர், "பேட்டரி யாருதுங்க? காலடியில வெச்சு வெரலே நசுங்கிப்போச்சு" என்று இறக்கினார். வீடு வர 8.20.

புதியது கனமாக, பளபளப்பாக இருந்தது. அம்மா, "புதுசு. ஒரு பொட்டு வெச்சிரு கண்ணு" என்று சொல்லிவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போனார். நேற்றைய சந்தனம் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. எங்கே வைப்பது? மேலே இரண்டு ஈயக் குமிழ்கள் காது மாதிரி நின்றன. இரண்டுக்கும் வைத்தேன், தாராளமாக. நடுவில் குங்குமம். அழகாக இருந்தது.

உள்ளே இறக்கினோம். இப்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி (கழற்றியதற்கு நேர் எதிர்). மூச்சுக் குழாய் சொருகினேன், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். மேல் பட்டை இறுக்கியாகிவிட்டது. 9.10.

அம்மா டிரைவர் சீட்டில். பிரேக்கை மிதித்து, பட்டன்.

டக் டக் டக் டக். விளக்குகள் வந்து வந்து போயின. ரெடி என்ற பச்சை எழுத்து வரவில்லை.

மறுபடியும். டக் டக்.

அம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "மெக்கானிக் சொன்னதுதான் சரியோ என்னவோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். 9.25. நான் விட்டுவிட்ட வரி இருந்தது: குமிழ்களையும் கவ்விகளையும் சுத்தமாகத் துடைத்த பிறகே மாட்டவும்.

சுத்தமாக.

சந்தனம்!

கவ்விக்கும் குமிழுக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து சுவர் மாதிரி நிற்கிறது. அதன் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? விளக்குக்குக் கொஞ்சம் போதும், போய்விட்டது. பெரிய சுவிட்சுக்குப் போதவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாளில் இரண்டாவது தடவையாக, நான்தான் என்று.

அம்மா கதவைத் திறந்து இறங்கினார். "குமிழுக்கா வெச்ச?"

"காது மாதிரி இருந்துச்சுங்கம்மா."

"காதுல யாராவது பொட்டு வெப்பாங்களா சாமி?"

மறுபடி மைனஸ், பிளஸ். நோயாளிகளுக்குத் துடைக்கும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் அம்மா எடுத்துவந்தார். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கலாமா என்று எனக்குத் தயக்கம். அம்மாவுக்கு இல்லை. மெஷினின் ஒட்டுப் பட்டைகளை நோயாளியின் தோலில் வைப்பதற்கு முன் எப்படித் துடைப்பாரோ அப்படியே, வட்டமாக, உள்ளிருந்து வெளியே துடைத்தார். "தோல்ல எண்ணெய் இருந்தாலே கரண்டு ஏறாது. இது தெரிஞ்சும் நான் பாக்கல பாரு." துடைத்ததும் பிளாஸ்டிக் பக்கத்தில் ஒரே ஒரு சின்னப் பொட்டை அவரே வைத்தார்.

மாட்டினோம். 9.55.

பிரேக். பட்டன். சத்தமே இல்லை. ஒரு சின்ன மணி ஒலித்து, பச்சையில் ரெடி.

நான் கத்த வாயைத் திறந்தேன். வாசலில் கார் வந்து நின்றது.

பெரிய மாமாவும் பல்லடத்துக்காரரும். பல்லடத்துக்காரரின் காரிலேயே இருவரும் வந்திருக்கிறார்கள். அவர் ஒல்லியாக, மிகவும் மரியாதையாக இருந்தார். மாமா எங்கள் வண்டிக்கு முன்னால் போய் நின்று, பானெட்டில் கை வைத்தார். "பாத்தீங்களா? அம்மணி உள்ள உக்காந்து பட்டனை அமுக்கிக்கிட்டுத்தான் இருக்குது. ஒரு சத்தம் வருதுங்களா? உசுரே இல்ல."

"மாமா, சித்த தள்ளி நில்லுங்க" என்றேன்.

"எதுக்கு கண்ணு?"

அம்மா கியரைப் போட்டுப் பிரேக்கை விட்டார். வண்டி பூனை மாதிரி நகர்ந்தது. டயருக்கடியில் நான்கு எலுமிச்சம்பழமும் சளக்கென்று நசுங்கின. மாமா ஒரே தாவலில் துளசிச் செடியின் மேல் போய் நின்றார்.

பல்லடத்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் முகம் மாறிவிட்டது. "ஓடற வண்டிங்களா! அப்ப நான் வேற மாதிரி பேசறனுங்க. இன்னைக்கே எடுத்துக்கறேன்."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வண்டி ஓடினால் விற்க மாட்டோம் என்று நினைத்திருந்தேன். ஓடுவதால் விலை போகும் என்று தோன்றவில்லை.

மாமாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இதான் நேரம் அம்மணி. ஓடறப்பவே குடுத்துப்போடலாம். மறுக்கா நின்னா யாரு கேப்பா? எப்படி எந்திரிச்சுது இது?"

"சின்ன பேட்டரி மாத்தினோமுங்கண்ணா."

"யாரு வந்து மாத்தினா?"

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

அம்மா கையைக் காட்டினார். விரல்களில் கருப்பு. என் கையும் அப்படித்தான்.

மாமா கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் பார்த்தார். "சரி, சந்தோசம். மாத்தினது நல்லதாப் போச்சு. ஆர்சி புக்க எடுத்துட்டு வா."

அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடி இறங்கியிருந்தது. "காபி குடிச்சுட்டுப் போங்கண்ணா. அவருக்கும் போடறேன். வண்டி குடுக்கறதில்லீங்க."

"அன்னைக்குச் சரின்னு சொன்ன?"

"சொன்னேனுங்க. தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"நான் இவரைப் பல்லடத்துல இருந்து கூட்டியாந்து நிக்கறேன். என்ற மொகத்துக்கு என்ன மரியாதை?"

"உங்களை வர உட்டது என்ற தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கங்க." பேச்சை நிறுத்தவில்லை. "இந்த வண்டி இல்லாட்டி நான் பழையபடி மெஷினைக் கட்டிப்புடிச்சுட்டு ஸ்கூட்டர்ல போகோணும். அது என்னால முடியாதுங்கண்ணா. கை வலிக்குது. யார்கிட்டயும் சொல்லல, வலிக்குது."

பல்லடத்துக்காரர், "அது சரிதானுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, காபி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு, தன் காரில் ஏறிப் போய்விட்டார். மாமா அவரோடு வந்தவர். அவர் போன பிறகுதான் அது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

மாமா காபி குடித்தார். பாதி. "பஸ்ல போயிக்கறேன்."

"ஏறுங்கண்ணா."

ஏறினார். நான் பின்னால். மாமா கதவுக்கு மேல் இருக்கும் பிடியை விடவே இல்லை. லாலி ரோடு சிக்னலில் இன்ஜின் தானாக அடங்கியது. "நின்னுபோச்சு!" என்று நிமிர்ந்தார்.

"நிக்கலீங்கண்ணா. சும்மா இருக்குது."

பச்சை விழுந்தது, போனோம். அன்னூர் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் இறங்கி, கதவைச் சாத்தி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அத்தை வெளியே வந்து, "ஏனுங் அம்மணி, உள்ள வரலியா?" என்று கேட்டார். அம்மா, "இன்னொரு நாளைக்கு வாரனுங்க அண்ணி" என்றார்.

வரும் வழியில் கோவில்பாளையம் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் அம்மா வண்டியை ஓரம் கட்டினார். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ரெடி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அண்ணன் பேச்சை இதுவரைக்கும் நான் தட்டினதே இல்ல கண்ணு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் கருப்பு ஒட்டிக்கொண்டது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, ஸ்பிரிட் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன். "மொகத்துக்கா ஸ்பிரிட்டு?" என்று திட்டினார். பிறகு வண்டியை எடுத்தார்.

மதியத்துக்கு மேல் கையேடு சொன்னபடி கடிகாரம் சரி செய்தேன். நான்கு கண்ணாடிகளையும் முழுசாக ஏற்றி இறக்கி மறுபடி பழக்கினேன். சி.பே. போனால் வண்டிக்கு இதெல்லாம் மறந்துவிடுமாம். எதெல்லாம் மறக்காது என்று கையேட்டில் இல்லை. தேட வேண்டும்.

சாயங்காலம் மாமாவுக்கு அம்மா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

இப்போது 9.20. அம்மா நாளைய வீடுகளை எழுதிக்கொண்டிருக்கிறார்: ஆர்.எஸ்.புரம் தாத்தா, தோள்பட்டை. வடவள்ளி டீச்சர், முட்டி. தொண்டாமுத்தூர், பக்கவாதம், புதிது. மெஷினை டிக்கியில் வைத்தாயிற்று.

"பயமா இருந்துச்சுங்களாம்மா? மாமாகிட்ட சொல்றப்ப?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்குது. எழுதினது போதும், படு."

இன்னும் ஒரு வரி என்றேன். விளக்கை அணைத்துவிட்டார்